திரும்பி வரும் டிக்கெட்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம். அந்தமானுக்குக் கப்பலில் போகிறாயாமே, தம்பிதான் சொன்னான். அவனிடம் சொல்லத் தோன்றியிருக்கிறது உனக்கு. போகட்டும்.

விமானம் வேண்டாம், பங்க் வகுப்பே போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். கெட்டிக்காரி, என் வரவு செலவு நோட்டைப் பார்த்து வளர்ந்தவள் ஆயிற்றே. ஆனால் பங்க் என்றால் பெரிய கூடத்தில் வரிசையாக அடுக்குக் கட்டில். குளிக்கிற இடமெல்லாம் பொது. போர்ட் பிளேருக்கு மூன்று நாள் ஆகும். (2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், என் வாயில் வரமாட்டேன் என்கிறது.) கீழ்க்கட்டிலாகக் கேட்டுப் பார். குமட்டுவதற்கு முன்பே மாத்திரையைப் போட்டுக்கொள். நடுக்கடலில் போன் எடுக்காது, ஏறும்போதே ஒரு வார்த்தை சொல்லிவிடு.

திரும்புவதற்கும் டிக்கெட் எடுத்துவிட்டாய் அல்லவா? தினமும் ஓடுகிற கப்பல் இல்லை அது.

ஹேவ்லாக் தீவுக்கு அரசுப் படகிலேயே போ, தனியாரைவிடக் காசு மிச்சம். அங்கே ஏடிஎம் குறைவு, ரொக்கம் வைத்துக்கொள். கடிகாரம் நம்முடையதுதான், ஆனால் தீவு கிழக்கே தள்ளியிருப்பதால் டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ராதாநகர் கடற்கரையில் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடாமல் கடைசி பஸ்ஸை விசாரித்து வை. முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் தண்ணீரில் காலை வைக்காதே. கடல் மோசமானால் படகை நிறுத்திவிடுவார்கள். அதனால் கப்பலுக்கு ஒருநாள் முன்பே போர்ட் பிளேர் வந்துவிட வேண்டும். அதற்குத்தான் திரும்பும் தேதியைக் கேட்கிறேன், வேறொன்றுமில்லை.

"அக்கா போற டிக்கெட் மட்டும்தான் எடுத்திருக்கா" என்கிறான் தம்பி. அவனுக்கு என்ன தெரியும்.

பாப்பா, மாடி கட்டக் கடன் வாங்கியபோது உன்னிடம் நான் கேட்கவே இல்லை. கையெழுத்துக்கு உட்கார வைத்த பிறகுதான் உனக்கே தெரியும். பேனா மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "எத்தனை வருஷம்ப்பா?" என்றாய். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். ஏழு என்று மேனேஜர்தான் சொன்னார். என் மகள் எவ்வளவு சிக்கனம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அது யார் வைத்த சிக்கனம் என்பது நேற்று ராத்திரிதான் உறைத்தது.

மாடியை வாடகைக்கு விடப் போகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ பத்து நாள் கூடுதலாக இருந்துவிட்டு வந்தாலும் சரி. தேதியை மட்டும் தம்பியிடமாவது சொல்லி வை.

அப்பா