மரக்கட்டை இல்லத் திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

சென்ற பொதுக்குழு அளித்த ஒப்புதலின்படி, நம் சங்கத்துக்குச் சொந்தமான மரக்கட்டை இல்லத்தின் பராமரிப்புத் திருப்பணி நிறைவுற்றது என்பதைத் திருப்பணிக் குழு மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறது. செய்த வேலைகளோடு அவற்றின் காரணங்களையும் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறோம். இனி ஆண்டுதோறும் இந்த இல்லத்தைக் கவனித்துக்கொள்ளப் போகிறவர்கள் உறுப்பினர்களே என்பதால், அவர்களுக்குக் காரணமும் தெரிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

முழு மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய சுவரை வெயிலும் பூச்சியும் கெடுக்கும் என்றாலும், பெருங்கேடு தண்ணீரால்தான் வருகிறது. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதை மக்கவைக்கும் பூஞ்சை வளராது. 30 சதவீதத்தை ஒட்டி ஈரம் நிலைத்துவிட்டால் விரைந்து பரவும். மண்ணிலிருந்து ஏறும் கரையானுக்கும் ஈரமே துணை. ஆகவே, தண்ணீர் மரத்தில் தங்கக் கூடாது என்ற ஒரே நோக்கத்தை வைத்தே எல்லா வேலைகளையும் திட்டமிட்டோம்.

ஆய்வின்போது தச்சர் ஒவ்வொரு கட்டையையும் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தார். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே மக்கிய மரத்தில் ஓசை அமுங்கிவிடும். வடகிழக்கு மூலையின் அடிக்கட்டையில் ஓசை மாறியது. வெளியே பெயின்ட் ஒரு கீறலும் இன்றிப் பளபளப்பாகவே இருந்தது. ஆனால் அங்கே குத்தூசியை அழுத்தியபோது எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே இறங்கியது. வெளியே இழுத்தபோது ஒட்டி வந்த மரம், பழுப்பு நிறத்தில் சிறு சிறு சதுரத் துண்டுகளாக உதிர்ந்தது.

காரணத்தைத் தேடியபோது மூன்று குறைகள் ஒரே இடத்தில் கூடியிருந்தது தெரிந்தது. கூரையோர மழைநீர்க் கால்வாய் அந்த மூலைக்கு நேர் மேலே இணைப்பில் ஒழுகியது. கீழே செடிகளுக்காகக் கொட்டிய மண் மேடிட்டு, விழும் மழைத்துளிகள் சுவரில் தெறித்தன. முன்பு பூசியிருந்த கெட்டியான பெயின்ட், வெடிப்புகள் வழியே உள்ளே போன ஈரத்தை வெளியேற விடாமல் அடைத்துவைத்தது. மரத்துக்கு மேல் தோல்போலப் படியும் எந்தப் பூச்சும் இந்த வகைச் சுவருக்கு ஏற்றதன்று என்பதைக் குழு அழுத்திச் சொல்ல விரும்புகிறது.

கட்டையைத் தொடுவதற்கு முன் காரணங்களைச் சரிசெய்தோம். கால்வாய் இணைப்பு அடைக்கப்பட்டது. நீர் இறங்கும் குழாய் சுவரைவிட்டுத் தள்ளி நீட்டப்பட்டது. அடிக்கட்டைக்கும் தரைக்கும் இடையே 45 செ.மீ. இருக்குமாறும், வெளிப்புறம் நோக்கிச் சரியுமாறும் மண்ணை வெட்டி அகற்றினோம். சுவரிலிருந்து 60 செ.மீ.க்குள் இனி செடி வைக்கக் கூடாது. விறகையும் அடுக்கக் கூடாது. அதன் பிறகே, மக்கிய பகுதி நல்ல மரம் தெரியும்வரை செதுக்கப்பட்டு, அதே இனத்தைச் சேர்ந்த, நன்கு உலர்ந்த அரைக்கட்டை அளவெடுத்துப் பொருத்தப்பட்டது.

பழைய பெயின்ட்டை எடுக்க உயர் அழுத்த நீரைப் பயன்படுத்தலாம் என்று சில உறுப்பினர்கள் கூறினர். அது விரைவான வழிதான். ஆயினும் மரநாரைக் கிழித்து, வெடிப்புகளுக்குள் நீரையும் ஏற்றிவிடும் என்பதால், சோளத்தக்கைத் தூளைக் காற்றழுத்தத்தால் வீசி உரிக்கும் முறையைத் தேர்ந்தோம். பூச்சு நீங்கிய வெறும் மரத்தில் போரேட் கரைசல் அடிக்கப்பட்டது. பூஞ்சையையும் மரம் தின்னும் பூச்சிகளையும் தடுக்கும் இந்த உப்பு, நீரில் கரைந்து மரத்துக்குள் ஊடுருவக்கூடியது. அதே காரணத்தால் மழையிலும் கரைந்து வெளியேறிவிடும். எனவே மரம் உலர்ந்ததும், நீரைத் தடுத்து நீராவியை வெளியே விடக்கூடிய நிறமி கலந்த ஸ்டெயின் என்னும், மரத்தில் ஊறும் பூச்சைப் பூசினோம். நிறமி வெயிலின் புற ஊதாக் கதிரை மறைக்கிறது. மூலைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை முனைகள் மற்றப் பகுதியைவிட மிக அதிகமாக நீரை உறிஞ்சுவதால், அவற்றுக்குக் கூடுதல் பூச்சு தரப்பட்டது.

கட்டை உலரும்போது வெடிப்பது இயல்பு. எல்லா வெடிப்பையும் அடைக்கத் தேவையில்லை. மேல்நோக்கித் திறந்து நீரைப் பிடிக்கக்கூடியவற்றில் 6 மி.மீ.க்கு மேல் அகலமானவற்றை மட்டும் அடைத்தோம். உள்ளே நுரைக்கயிறு செருகி அதன்மேல் சீலன்ட் என்னும் நெகிழும் அடைப்புப் பசை இட்டதால், சீலன்ட் இரு பக்கங்களில் மட்டும் ஒட்டி, மரம் விரிந்து சுருங்கும்போது கிழியாமல் இழுபடும்.

கட்டைகள் குறுக்கே சுருங்கும். நீளத்தில் ஏறக்குறைய சுருங்காது. அதனால் சுவர் காலப்போக்கில் தாழும், நிமிர்ந்து நிற்கும் தூண் தாழாது. முன்தாழ்வாரத் தூண்களின் உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் திருகு ஜாக்கிகளைத் தச்சர் அதற்கேற்ப இறக்கிவைத்தார். சன்னல் நிலைகளின் மேலிருந்த இடைவெளியில் யாரோ இறுக அடித்திருந்த மரத்துண்டுகளும் அகற்றப்பட்டு, அமுங்கக்கூடிய பஞ்சு வைக்கப்பட்டது. சிக்கிக்கொண்டிருந்த சன்னல்கள் இப்போது எளிதாகத் திறக்கின்றன.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு தனியே இணைக்கப்பட்டுள்ளது.

இனி மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் இல்லத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். சுவரில் சிறிது நீரைத் தெளித்துப் பாருங்கள்: முத்து முத்தாக நின்றால் பூச்சு நன்றாக இருக்கிறது, உறிஞ்சப்பட்டு மரம் கருத்தால் மறுபூச்சுக்கு நேரமாகிவிட்டது. பிற்பகல் வெயில் தாக்கும் மேற்குச் சுவரில் இது முதலில் தெரியும். புதிய அரைக்கட்டையின் ஈரப்பதத்தை ஒவ்வொரு முறையும் மீட்டரால் அளந்து குறிக்க வேண்டும். மீட்டரும் மீதமுள்ள ஸ்டெயினும் அலுவலக அலமாரியில் உள்ளன. இப்பொறுப்பை ஏற்க முன்வரும் உறுப்பினர்கள் வரும் பொதுக்குழுவுக்குள் செயலாளரிடம் பெயர் தருமாறு வேண்டுகிறோம்.

இவண்,
திருப்பணிக் குழுவினர்