கையெழுத்துப் போடாத நன்னா

மாப்ள,

எட்டு மாசம் ஆகிவிட்டது. நீ கூப்பிட்டால் எடுக்கவில்லை, குரூப்பில் வாயைத் திறக்கவில்லை, உன் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு வீட்டுக்காரியை மட்டும் அனுப்பிவிட்டு நான் கழன்றுகொண்டேன். எனக்கு வேலை என்று அவள் சொல்லியிருப்பாள். வேலையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, உன் மேல் கோபம். என்ன கோபம் என்று அப்புறம் சொல்கிறேன், முதலில் சேதியைக் கேள்.

அம்மா நன்றாக இருக்கிறார். எனக்கு சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கட்டையன் இன்னும் அதே புல்லட்டைத்தான் உதைத்துக்கொண்டிருக்கிறான், ஸ்டார்ட் ஆனபாடில்லை.

பிரான்சுக்கே போய்விடலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. பாரிஸ் பக்கம் சார்செல்லில் இருக்கிற மச்சான் வீடு பார்த்துத் தருகிறேன் என்கிறான், ஏர்போர்ட் குடோனில் வேலைக்கும் சொல்லி வைத்திருக்கிறானாம். ஐம்பது வயதில் நான் பெட்டி தூக்க வேண்டும், சிரிக்காதே. அவள் தாத்தா சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த வகையில் அவளுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி, பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அவள் வழியில் பேப்பர். எங்கள் நாலு பேரில் இந்தியன் நான் ஒருத்தன்தான். நேஷனாலிட்டி பெண்ணைக் கட்டியும் புதுச்சேரி முல்லா வீதியை விட்டு நகராத ஒரே மாப்பிள்ளை என்று நீங்கள் எல்லாரும் ஓட்டாத ஓட்டா? பிரிண்ட் எடுத்த விசா ஃபாரம் இரண்டு வாரமாக மேஜை மேல் கிடக்கிறது. டீ கிளாஸ் வைத்த வட்டக் கறை விழுந்திருக்கிறதே தவிர, என் கையெழுத்து இன்னும் விழவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் நன்னாவும், அதான் அம்மாவின் அத்தா, இப்படித்தான் உட்கார்ந்திருந்தார். 1962 ஆகஸ்ட் 16 அன்று, புதுச்சேரியை பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. ஆறு மாசத்துக்குள் ‘நான் பிரெஞ்சுக்காரனாகவே இருக்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்தால் நேஷனாலிட்டி, கொடுக்காவிட்டால் தானாகவே இந்தியன். பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற வீடுகளில் எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து நன்னாவையும் கூப்பிட்டாராம். “நான் எங்கயும் போகலையே, எதுக்கு எழுதித் தரணும்?” என்று கேட்டுவிட்டு கைலிக் கடையைத் திறக்கப் போய்விட்டார். 1963 பிப்ரவரியோடு கெடு முடிந்தது. அதை தேசபக்தி என்பார் அம்மா, நான் சோம்பேறித்தனம் என்பேன். எதுவானால் என்ன, ஒரு காகிதமும் காட்டாமல், சும்மா இருந்தே ஊர்க்காரனாக இருந்துவிட முடிந்தது அவருக்கு. அதில்தான் எனக்குப் பொறாமை.

ஏனென்றால் நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் என்று ஃபாரம் கொடுத்தார்களே, அன்றைக்கு பழைய பட்டியலில் அத்தா பேரைத் தேடி ராத்திரி ஒரு மணி வரை போனில் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். முகமது என்பதை இத்தனை விதமாக எழுதலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லாருக்கும் கொடுத்த ஃபாரம்தான், உனக்கும் வந்திருக்கும், ஒத்துக்கொள்கிறேன். நீ டிவி பார்த்துக்கொண்டே நிரப்பியிருப்பாய். எனக்குக் கை நடுங்கியது. இங்கே ஓட்டே இல்லாத என் பிரெஞ்சுக்காரி பக்கத்தில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது கடலூர் சில்வர் பீச்சில் சண்டை போட்டோமே. “உன் குடியுரிமையை இது தொடாதுடா” என்றாய். சட்டத்தில் இருப்பதும் அதுதான், மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு மதத்தாருக்கு ஒரு வழி. ஆனால் வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ஒருத்தன் பேரை மட்டும் விட்டுவிட்டு வாசித்தால் அவன் என்ன செய்வான்? வெளியே போ என்று அவனை யாரும் சொல்லவில்லைதான்.

சரி, அப்படியென்றால் கிளம்ப வேண்டியதுதானே என்பாய். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். 2022-ல் கர்நாடகாவில் காலேஜ் வாசலில் பிள்ளைகளை முக்காட்டைக் கழற்றச் சொன்னபோது எனக்கு எத்தனையோ ராத்திரி தூக்கம் இல்லை. என் பெண் பத்தாவது, முக்காடு போட்டுக்கொண்டுதான் சைக்கிள் மிதித்துப் போகிறாள், அவள் பள்ளியில் இதுவரை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. பிரான்சிலோ அரசுப் பள்ளியில் 2004-லிருந்தே முக்காடு கூடாது, 2023-ல் அபாயா என்கிற நீள அங்கியும் கூடாது என்றுவிட்டார்கள். மார்க்கத்தைக் காப்பாற்ற ஊரை விட்டு வந்தேன் என்று சொல்லிக்கொண்டு, போய் இறங்கியதும் என் கையாலேயே அவள் முக்காட்டை மடித்து வைக்க வேண்டும். அரசியலும் லேசுப்பட்டதில்லை. 2022 ஜனாதிபதித் தேர்தல் இரண்டாம் சுற்றில் தீவிர வலதுசாரியான லெ பென் அம்மாவுக்கு 41 சதவீதத்துக்கு மேல். வீட்டுக்காரி இங்கேயே வரிசையில் நின்று எதிர்த்து ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள்.

இதைப் பெண்ணிடமே கேட்டேன். “அங்க பெரிய சிலுவை, தலைப்பாகை எல்லாத்தையும்தான் கழட்டச் சொல்றாங்க அத்தா. இங்க என்னை மட்டும்தானே பாப்பாங்க” என்று சொல்லிவிட்டுத் தோசைக்கு சட்னி போட்டுக்கொண்டாள். சட்டம் எல்லாருக்கும் என்றாலும் வாசலில் நிறுத்தப்படுவது யார் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. ஆனாலும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

2022-ல் மட்டும் இரண்டே கால் லட்சம் பேர் இந்தியக் குடியுரிமையை விட்டிருக்கிறார்கள், அரசே நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு. சம்பளம், கிரீன் கார்டு என்று போனவர்கள்தான் நிறைய இருப்பார்கள். அவர்களை ஏன் போனாய் என்று யாரும் கேட்பதில்லை. நான் போனால் மட்டும், பார், பிடிக்காதவன் போய்விட்டான் என்பார்கள்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். ஜூனில் நீ குரூப்பில் போட்ட வீடியோ. ‘புடிக்கலைன்னா கெளம்பட்டும்’ என்று எவனோ கத்துகிறான், கீழே நீ கைதட்டுகிற பொம்மை. பதினேழு பேர் இருக்கிற குரூப்பில் அது யார் மேல் போய் விழும் என்று நீ யோசித்திருக்க மாட்டாய். யோசிக்கவில்லை பார், அதுதான் கோபமே. எவன் எவனோ டிவியில் சொன்னதையெல்லாம் துடைத்துவிட்டுப் போனவன் நான், அந்த இரண்டு மஞ்சள் கையைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

ஆறாவது படிக்கும்போது மாசி மகத்துக்கு உன் அப்பாவோடு கிள்ளைக்குப் போனோம். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஊர்வலமாக வந்த பூவராகப் பெருமாள் தைக்காலில் தர்கா எதிரே நின்றபோது எனக்குக் கூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. “உங்க ஆளுங்க மாலை போடறாங்க, பாருடா” என்று அவர் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார், நீ கீழே நின்று அழுதாய். இதையே மேடையில் எவனாவது மத நல்லிணக்கம் என்று பேசினால் எனக்கு எரிச்சல்தான் வரும். எனக்கு அது உன் அப்பாவின் நனைந்த சட்டை, அவ்வளவுதான். வீடியோவைப் பார்த்த அன்று அந்தச் சட்டைதான் நினைவுக்கு வந்தது.

பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை முடியும்வரை ஃபாரம் மேஜையிலேயே கிடக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கூப்பிடு, இந்தத் தடவை எடுக்கிறேன். திட்ட வேண்டியது பாக்கி இருக்கிறது, சாப்பிட்ட பிறகு திட்டுகிறேன். வரும்போது ஓல்டு டவுனில் நெத்திலிக் கருவாடு அரைக் கிலோ வாங்கி வா, அம்மா கேட்டார்.

பாய்