முறைப்பாடு: உத்தரவாதம் முடிய முன்னரே எரிந்துபோன சுடுநீர் ஹீற்றர்

முகாமையாளர் அவர்கட்கு,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

உங்கள் யாழ்ப்பாணக் கிளையில் வாங்கிய 50 லீற்றர் ஹீற்றர், இரண்டு வருட உத்தரவாதம் முடிய முன்னரே எரிந்துவிட்டது. திருத்த வந்தவர் கழற்றிப் பார்த்துவிட்டு, "உங்கட கிணத்துத் தண்ணிதான் பிழை, இதுக்கு வொறன்ரி இல்லை" என்று எழுதித் தந்துவிட்டுப் போனார். அதை நான் ஏற்கவில்லை.

வாங்கும்போது நான் முதலில் கேட்டதே தண்ணீரைப் பற்றித்தான். எங்கள் வீடு உரும்பிராயில். கேத்திலில் வெள்ளை படியும், சவர்க்காரம் நுரைக்காது, ஷவர்க் கண்கள் அடைபடும், இதை உங்கள் ஹீற்றர் தாங்குமா என்று கேட்டேன். தண்ணீர் உள்ளே போகும் குழாயில் ஒரு வடிகட்டி பூட்டினால் வெள்ளை படியவே படியாது என்றார் விற்பனையாளர். அதையும் தனியாகக் காசு கொடுத்து வாங்கினேன். இரண்டுக்குமான பற்றுச்சீட்டுப் பிரதிகளை இணைத்திருக்கிறேன்.

அந்த வடிகட்டியால் இந்த வேலையைச் செய்யவே முடியாது. அது நூல் சுற்றிய ஒரு உருளை. மண்ணையும் துருவையும் பாசியையும் பிடிக்கும், அவ்வளவுதான். எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு தூளாக மிதப்பதில்லை, கரைந்து கிடக்கிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு இலேசான அமிலமாகி, கீழே உள்ள சுண்ணாம்புக் கல்லைக் கரைக்கிறது. கிணற்றில் அள்ளிப் பார்த்தால் கண்ணாடி மாதிரித் தெளிவாகத்தான் இருக்கும். சூடாக்கினால் அந்த வாயு வெளியேறிவிடும். பிறகு சுண்ணாம்பு தண்ணீரில் நிற்க முடியாமல் படிந்து இறுகுகிறது. அதாவது படிவு உருவாவதே ஹீற்றருக்குள்தான், வடிகட்டியைத் தாண்டிய பிறகு. கரைந்ததை முன்கூட்டியே எடுக்க வேண்டுமென்றால் பிசின் மணிகள் நிரப்பி, உப்பு நீரால் அவ்வப்போது புதுப்பிக்கும் மென்னீராக்கி வேண்டும். அதைப் பற்றி உங்கள் கடையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தண்ணீரைச் சூடாக்கும் கொயிலைக் கழற்றியபின் நான் எறியவில்லை. அதைச் சுற்றி முட்டைக் கோது போன்ற ஓடு, ஒன்றின் மேல் ஒன்றாகப் பல அடுக்கு. ஒரு துண்டை உடைத்துத் தேசிக்காய்ப் புளி விட்டேன், உடனே நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்பு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஓட்டுக்கு அடியில் செப்புக் குழாய் நீளவாக்கில் வெடித்திருக்கிறது. சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் குழாயே காய்ந்து வெடித்திருக்கிறது. அதற்குப் பல மாதம் முன்பிருந்தே உள்ளே கறகறவென்று சத்தம் கேட்டது, தண்ணீர் சூடாக நேரம் எடுத்தது, கரண்ட் பில்லும் ஏறியது. சத்தத்தைப் பற்றி உங்கள் சேவைப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அது வழமைதான்" என்றார்கள். அன்றைக்கே ஆள் அனுப்பிக் கழுவியிருந்தால் கொயில் தப்பியிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருத்த வந்தவர், இந்தத் தண்ணீரைக் குடித்தால் உடம்புக்குள்ளும் இப்படித்தான் படியும் என்று என் அம்மாவிடம் சொல்லிவிட்டார். மூட்டு வலிக்காரி, அவருக்காகத்தான் ஹீற்றரே வாங்கினேன். இப்போது தண்ணீர் குடிக்கவே பயப்படுகிறார். தண்ணீரில் இப்படிச் சுண்ணாம்பு கரைந்திருப்பதைத்தான் கடினத்தன்மை என்கிறார்கள். அதற்கென்று உலக சுகாதார நிறுவனம் உடல்நலம் சார்ந்த எல்லை எதையும் வகுக்கவில்லை. கொயிலில் நடப்பதைக் காட்டி வயதானவர்களைப் பயப்படுத்த வேண்டாம் என்று உங்கள் ஆட்களுக்குச் சொல்லுங்கள்.

தண்ணீர் இப்படி இருக்கும் என்று தெரியாது என நீங்கள் சொல்ல முடியாது. உரும்பிராய் இருக்கும் வலிகாமப் பகுதி முழுவதும் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல். 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை தொடங்கியதே அந்தக் கல்லை நம்பித்தான். வருடம் முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை, கிணறுதான் எங்களுக்கு எல்லாம். கரைந்த சுண்ணாம்பு லீற்றருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் போனாலே மிகக் கடின நீர் என்று வகைப்படுத்துகிறார்கள். 300 என்று வைத்துக் கணக்குப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 100 லீற்றர் சூடாக்கினால் 30 கிராம், ஒரு வருடத்தில் ஏறத்தாழ 11 கிலோ ஹீற்றருக்குள்ளால் போகிறது. அதில் ஒரு பங்கு படிந்தாலே போதும். கடின நீருக்கு உத்தரவாதம் இல்லை என்று அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டுவிட்டு அதே ஹீற்றரை இங்கே விற்பது, உத்தரவாதமே இல்லாமல் விற்பதற்குச் சமம். வடிகட்டி காப்பாற்றும் என்று சொல்லி விற்றவர்களும் நீங்கள், தண்ணீர் கெடுத்துவிட்டது என்று கைவிடுபவர்களும் நீங்கள். இரண்டில் எது உங்கள் பேச்சு?

எனவே கொயிலை இலவசமாக மாற்றி, தாங்கியின் அடியில் கிடக்கும் படிவையும் கழுவித் தர வேண்டும். வடிகட்டிக்குக் கொடுத்த காசைத் திருப்பித் தர வேண்டும். இங்கே ஹீற்றர் வாங்க வரும் எல்லோருக்கும் இந்த நிபந்தனையையும், எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை படிவு அகற்ற வேண்டும் என்பதையும் காசு வாங்க முன்னரே தமிழில் எழுதிக் கொடுங்கள்.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். கிடைக்காவிட்டால் பற்றுச்சீட்டு, திருத்துநரின் குறிப்பு, கொயிலின் படங்கள் எல்லாவற்றுடனும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவேன். கொயில் என்னிடம்தான் இருக்கிறது. பார்வையிட விரும்பினால் முன்கூட்டியே அறிவித்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உரும்பிராய் வாடிக்கையாளர்