அரையாண்டு விடுமுறையும் வானொலிப் பதிவுகளும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக நிறைவடைந்தன. கலைத் திருவிழாவிலும் குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளிலும் நம் மாணவர்கள் பரிசுகள் பெற்றுப் பெருமை சேர்த்தனர். திருத்திய விடைத்தாள்கள் பள்ளி திறந்ததும் வழங்கப்படும்.

இந்த அரையாண்டில் உங்களில் பலர் என்னிடம் நேரிலும் தொலைபேசியிலும் கேட்ட ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. நம் பகுதிச் சமுதாய வானொலியில் சனிக்கிழமை மாலைகளில் ஒலிபரப்பாகும் சமூக நீதி நிகழ்ச்சியில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் பேசி வருகிறார்கள். எதிரொலி கேட்காமலிருக்க நூலகச் சன்னல்களில் போர்வையைத் தொங்கவிட்டு, தாள் சலசலக்காதபடி பரீட்சை அட்டையில் செருகிக்கொண்டு அவர்கள் பேசுவதைப் பதிவு நாள்களில் வந்து பார்த்துப் பாராட்டியவர்கள் உண்டு. தேநீர்க் கடையின் தனிக் குவளை, கையில் கட்டும் சாதிக் கயிறு, பத்தாம் வகுப்போடு பெண் பிள்ளைகளின் படிப்பை நிறுத்துவது ஆகியவற்றைப் பேசியபோது எவருக்கும் மனத்தாங்கல் ஏற்படவில்லை. பொதுக் குழாயில் யார் முதலில் குடம் வைப்பது என்ற பகுதி ஒலிபரப்பான பிறகுதான், 'இதை எழுதிக் கொடுத்தது யார்?' என்ற கேள்வி வந்தது.

பேச்சை எழுதுவது மாணவர்களே. தமிழாசிரியர் பிழை மட்டுமே திருத்துகிறார். இதற்குப் பின்னால் ஏதேனும் கட்சி இருக்கிறதா என்றும் சிலர் கேட்டீர்கள். மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் உரிமம் பெற்று, சுமார் 10 முதல் 15 கிலோமீட்டர் தொலைவுக்குள் மட்டும் கேட்கும் இத்தகைய நிலையங்களில் அரசியல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதியே இல்லை. வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்ததன் தொடர்ச்சியாகவே இவை தோன்றின. தெலங்கானாவில் உள்ள சங்கம் வானொலியை 2008 முதல் தலித் பெண்களே நடத்தி வருகிறார்கள். ஊரார் தம் ஊரைப் பற்றித் தம் குரலில் பேசுவதற்கென்றே ஏற்பட்ட வானொலியில் நம் தெருக் குழாயைப் பற்றிப் பேச்சு வருவது இயல்புதான். சாதிக் கயிறு கூடாது என்பதும் எங்கள் தனிக் கருத்து அன்று. நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சாதிப் பகையால் சக மாணவர்களால் வெட்டப்பட்ட நிகழ்வுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அரசிடம் அளித்த அறிக்கையும் அதையே வலியுறுத்துகிறது.

நிகழ்ச்சியில் உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் நிலையத்துக்கு எழுதலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசலாம். நேயர் அழைப்பில் மறுத்தும் பேசலாம். ஆனால் மாணவியின் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்து, 'இது இந்தத் தெருப் பிள்ளை, இன்னார் மகள்' என்ற குறிப்போடு வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பியதை என்னால் கருத்து வேறுபாடு என்று கொள்ள இயலாது. அதன் பிறகு இரண்டு மாணவியர் பதிவுக்கு வருவதை நிறுத்திவிட்டனர். ஒருவரை வழியில் நிறுத்தி விசாரித்ததாகவும் அறிகிறேன். பேசிய மாணவர்களின் பெயர்களைப் பள்ளி எவரிடமும் தராது. குழுக்களில் உள்ள பதிவுகளை உடனே நீக்கிவிட வேண்டும். இனி எந்தப் பிள்ளையையேனும் வழிமறித்துக் கேள்வி கேட்டதாகத் தெரிந்தால், கேட்டவர் யாராக இருந்தாலும், காவல் நிலையத்தில் நானே புகார் அளிப்பேன்.

இவ்வாறு எழுத நேர்ந்தது எனக்கும் வருத்தமே. பெரும்பாலான பெற்றோர் இதில் பங்கு கொள்ளவில்லை என்பதை நன்கறிவேன். பொங்கலுக்குப் பின் தொடங்கும் பதிவுகளில் பெயரோ வகுப்போ சொல்லப்படாது. ஒலிபரப்புக்கு முன் எழுத்துப்படியைப் பெற்றோர் பள்ளியில் வந்து படித்துப் பார்க்கலாம். விருப்பமுள்ளவர்கள் இத்துடன் உள்ள ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டு, பள்ளி திறக்கும் நாளில் வகுப்பாசிரியரிடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையை அனுப்ப விரும்பாதவர்களிடம் காரணம் கேட்க மாட்டோம்.

சனிக்கிழமைகளில் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளை அழைத்து வந்து, பதிவு முடியும்வரை வேப்பமரத்தடியில் காத்திருந்த பெற்றோர்களுக்கும், நிலையத்துக்கு நேரில் சென்று மாணவர்களுக்கு ஆதரவாகப் பேசிய தாய்மார்களுக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்