மாடி அறைக்கு ஒரு யூ.பி.எஸ்.

குடியாத்தம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. பேறுகாலத்துக்கு வரும்போது பங்கு வர்த்தகம் செய்யும் கணினியையும் புனேவிலிருந்து கொண்டுவருவதாகவும், மாடி அறைக்கு ‘நல்ல பெரிய யூ.பி.எஸ்.’ ஒன்று வாங்கி வைக்கும்படியும் கேட்டிருந்தாய். முப்பது ஆண்டுகள் மோட்டாருக்குக் காயில் கட்டியவனிடம் ‘பெரிய’ என்று மட்டும் சொன்னால் எப்படியம்மா?

உன் கணினியின் பவர் சப்ளையில் 550 வாட் என்று எழுதியிருப்பது அது தரக்கூடிய உச்ச அளவு. மாப்பிள்ளை வாட் மீட்டர் வைத்துப் பார்த்தபோது, சந்தை ஓடும் நேரத்தில் கணினி 150 வாட்டும், திரைகள் இரண்டும் சேர்ந்து 50 வாட்டும்தான் இழுத்தன. கடையில் 600 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) என்று விற்பது பெரும்பாலும் 360 வாட் வரை தாங்கும் என்பதால், சுமைக்கு அதுவே போதும். ஆனால் அதற்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றே ஒன்று. அதை இவ்வளவு வேகமாக உறிஞ்சினால், எழுதியிருக்கும் அளவில் பாதி கிடைப்பதே பெரிது. பத்து நிமிடம் ஓடலாம். அதிலும் சித்திரைக் கத்திரியில் நம் மாடி அறை இருக்கும் சூட்டுக்கு, பேட்டரி அடுத்த ஆண்டே தளர்ந்துவிடும். ஆகவே இரண்டு பேட்டரி கொண்ட 1100 வி.ஏ. வாங்கலாம் என்றிருக்கிறேன். கடைக்காரர் 2 கே.வி.ஏ., அதாவது 2000 வி.ஏ., ஆன்லைன் வகையைத் தலையில் கட்டப் பார்த்தார். கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாறும் இடைவெளியே அதில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அது நாள் முழுவதும் விசிறி இரைந்து, அறையையும் சூடாக்கும். பிள்ளை தூங்கும் வீட்டுக்கு அது வேண்டாம். நான் வாங்க நினைப்பது லைன் இன்டராக்டிவ் வகை. கரண்ட் போனால்தான் அது பேட்டரிக்கு மாறும், அதற்குச் சில மில்லி விநாடிகளே ஆகும். நல்ல பவர் சப்ளை அதைத் தாங்கிக்கொள்ளும். தெருவில் விசைத்தறிகள் ஓடும்போது நம் வீட்டில் 190 வோல்ட்டுக்கு இறங்குவதை மீட்டரில் பார்த்திருக்கிறேன். அதையும் பேட்டரியைத் தொடாமலேயே இந்த வகை உயர்த்திக் கொடுக்கும்.

என் கவலை வேறொன்று. கரண்ட் போனதும் கையில் முடிக்காமல் இருக்கும் வர்த்தகத்தை (பொசிஷனை) மூடிவிட்டு எழுந்திருக்கப் போகிறாயா, சந்தை முடியும் 3:30 வரை தொடரப் போகிறாயா? மூடுவதற்கு யூ.பி.எஸ். தாராளம். ஆனால் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தினால், பிற்பகல் 2 மணிக்குத்தான் கரண்ட் வரும். உன் சந்தையோ 9:15-க்குத் திறக்கிறது. அந்த ஐந்து மணி நேரத்தை எந்தச் சிறிய யூ.பி.எஸ்.ஸும் தாங்காது, இன்வெர்ட்டர்தான் தாங்க வேண்டும். நம் வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியில், இழப்பெல்லாம் கழித்து 1,100 வாட்-மணி எடுக்கலாம். கணினியும் திரைகளும் மட்டுமென்றால் ஐந்து மணி நேரம் ஏறத்தாழச் சரியாக வரும். கீழே இரண்டு விசிறி ஓடினால் மூன்றரை மணியிலேயே முடிந்துவிடும். அன்றைக்கு ஒரு திரையோடு உட்காருவாய் என்று நம்புகிறேன்.

இதில் ஒரு சிக்கலைப் பட்டே தெரிந்துகொண்டேன். என் கடையிலிருந்த பில் போடும் கணினிக்கு யூ.பி.எஸ். வைத்து, அதைப் பழைய இன்வெர்ட்டர் லைனில் செருகியிருந்தேன். கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்க, யூ.பி.எஸ். மட்டும் விடாமல் கத்திப் பத்து நிமிடத்தில் அணைந்துவிட்டது. அந்த இன்வெர்ட்டரின் சதுர அலையை யூ.பி.எஸ். கரண்டாகவே ஏற்கவில்லை. நம் வீட்டில் இருப்பதும் அதே சதுர அலை இன்வெர்ட்டர்தான். ஆகவே முதல் செலவு, லைன் கரண்டைப் போலவே வளைந்து ஏறி இறங்கும் அலை தரும் சைன் வேவ் இன்வெர்ட்டருக்கு. இருக்கும் பேட்டரியே அதற்குப் போதும். யூ.பி.எஸ். அதற்குப் பின்னால், மாறும் நொடியைக் கடக்க மட்டும்.

இன்டர்நெட் பெட்டி கீழே கூடத்தில் இருக்கிறது. கணினி உயிரோடு இருந்தும் அது அணைந்தால் பயனில்லை என்பதால், அதற்கு 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். ஒன்று தனியாக வைக்கிறேன். தெருவிலுள்ள பைபர் பெட்டிக்கே கரண்ட் இல்லாமல் போனால் உன் கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான் வழி. வைகாசி முதல் நாள் நம் ஊர்க் கெங்கையம்மன் சிரசு (அம்மன் தலை) ஊர்வலக் கூட்டத்தில் அதையும் நம்பாதே. நஷ்டத்தை ஓர் அளவோடு நிறுத்தும் ஸ்டாப் லாஸ் ஆர்டர் எக்ஸ்சேஞ்சிலேயே காத்திருக்கும் என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். கணினியில் விலையைப் பார்த்துப் பிறகு பாயும் ஆர்டர்களை, நீ இங்கிருக்கும் மாதங்களிலாவது போடாதே.

எர்த் குழியில் உப்பும் கரியும் புதிதாகப் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இப்போது 2 வோல்ட்தான் காட்டுகிறது. பேட்டரிகளின் தயாரிப்புத் தேதியைப் பார்த்துத்தான் வாங்குவேன். கிடங்கில் ஓராண்டு கிடந்ததை என்னிடம் தள்ள முடியாது. யூ.பி.எஸ். கத்துவதை நிறுத்தும் பொத்தான் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லி உன் அம்மா இரண்டு முறை நினைவூட்டிவிட்டாள்.

உன் பவர் சப்ளை லேபிளில் ‘ஆக்டிவ் பி.எப்.சி.’ (கரண்டைச் சீராக இழுக்கவைக்கும் சுற்று) என்று இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்து உடனே எழுது. இருந்தால் யூ.பி.எஸ்.ஸும் தூய சைன் வேவ் வகையாக இருப்பதே நல்லது. விலை கூடும், இருந்தாலும் வாங்கிவிடுகிறேன். உன் பதில் வரும்வரை கடைக்காரருக்கு முன்பணம் கொடுக்கப் போவதில்லை.

அன்புடன்,
அப்பா