2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

(மதுரை தெற்கு மாசி வீதி, விளக்குத்தூண் வட்டாரச் சிறு கடைக்காரர்களின் ஆண்டுப் பொதுக்குழுவில் வாசிக்கப்பட்டது)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குறித்த நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர் பெருமக்களே, சாப்பாட்டு நேரத்துக்குள் வந்து சேரவிருக்கும் மற்றவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூட வேண்டும் என்பது சங்கத்தின் துணை விதி. அறிவிப்பு மாதந்தோறும் தவறாமல் போனது. கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, சேர்ந்த மாதங்களில் கூட்டமும் நடந்தது.

சித்திரைத் திருவிழாவுக்கு நீர்மோர்ப் பந்தல் வழக்கம்போல் அமைக்கப்பட்டது. மே 5 வணிகர் தினத்தன்று கடைகள் அடைக்கப்பட்டன. மாலையில் சில கடைகள் பாதி ஷட்டர் திறந்திருந்ததைக் குறிப்பேட்டில் எழுதவில்லை. ஆயுத பூஜை சிறப்பாக நடந்தது. மறைந்த மூத்த உறுப்பினர் இருவருக்கு அஞ்சலித் தீர்மானம் நிறைவேற்றி, நகலைக் குடும்பத்தாரிடம் சேர்த்தோம்.

செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதம் மாறியபோது, 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் என்ற விவரத்தைத் துண்டறிக்கையாக அச்சடித்துக் கொடுத்தோம். தீபாவளி நேரத்தில் அது உதவியது என்று துணிக்கடை உறுப்பினர்கள் சொன்னார்கள். பெயர்ப்பலகையில் தமிழ் முதலிடத்தில், தமிழ் ஐந்து, ஆங்கிலம் மூன்று, பிற மொழி இரண்டு என்ற விகிதத்தில் பெரிதாக இருக்க வேண்டும் என்ற விதியை மீண்டும் நினைவூட்டுகிறேன். விதி புதிதல்ல. பலகை மாற்ற வேண்டும் என்ற நினைப்புதான் ஒவ்வொரு முறையும் ஆய்வாளரைப் பார்த்த பிறகு புதிதாக வருகிறது. பிளாஸ்டிக் தடையும் அப்படியே. 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. ஏழாவது ஆண்டிலும் “எங்களுக்குத் தெரியாதே” என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு, அபராத ரசீதோடு சங்கத்துக்கு வந்தால் செயலாளர் என்ன செய்ய முடியும்?

இனி இந்த ஆண்டின் முக்கியப் பணிக்கு வருகிறேன். செயலாளர் கடையைக் கவனிக்காமல் ஒரு பேரேட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறார் என்று டீக்கடையில் பேசப்பட்டது என் காதுக்கும் வந்தது. அந்தப் பேரேடு எதற்காக என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுவதும் சொத்து வரி சீராய்வு வந்தது. மதுரை உள்ளிட்ட மாநகராட்சிகளில் வீடுகளுக்கு அளவைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம் வரையும், வணிகக் கட்டடங்களுக்கு அளவு பாராமல் 100 சதவீதமும் வரி ஏறியது. அறுநூறு சதுர அடி வீட்டுக்காரருக்குக் காட்டிய இரக்கத்தை அறுபது சதுர அடிக் கடைக்காரருக்கு யாரும் காட்டவில்லை. ஐந்து மாடி ஜவுளிக் கடலுக்கும், மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து ஊக்கும் பொத்தானும் விற்பவருக்கும் ஒரே சதவீதம். அதன்பின் ஆண்டுக்கு 6 சதவீதம் ஏற்றும் விதியும் சேர்ந்துகொண்டது. அப்போது நம் சங்கம் கண்டனத் தீர்மானம் போட்டது. தீர்மானம் கோப்பில் பத்திரமாக இருக்கிறது.

ஆனால் நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் வாடகைக் கடைக்காரர்கள். மாநகராட்சி வரி விதிப்பது கட்டட உரிமையாளருக்கு. அது நம் தலையில் எவ்வளவு விழுகிறது என்பது உரிமையாளர் வாயிலிருந்து வருவதுதான். “வரியை இரண்டு மடங்காக்கிவிட்டார்கள், நான் என்ன செய்ய?” என்பார். நாமும் தலையாட்டிவிட்டுக் கேட்ட வாடகையைக் கொடுத்துவிடுவோம். ஏறிய வரி எவ்வளவு, ஏறிய வாடகை எவ்வளவு என்று பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தவர் யாருமில்லை. அதைப் பார்ப்பதற்குத்தான் பேரேடு.

அதில் ஐந்து பத்திகள்: கதவு எண், வரி விதிப்பு எண், அரையாண்டு வரி, மாத வாடகை, அட்வான்ஸ். வரி விதிப்பு எண் தெரிந்தால் நிலுவை விவரத்தை இணையத்திலேயே பார்க்கலாம், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு கட்டடத்தை மட்டும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன்; எந்தக் கட்டடம் என்பதைச் சொல்லப்போவதில்லை. கீழே ஆறு கடைகள். அரையாண்டு வரி 9,000 ரூபாயாக இருந்தது 18,000 ஆனது. ஏறியது 9,000, மாதத்துக்கு 1,500, ஒரு கடைக்கு 250 ரூபாய். அந்த வரியின் பேரைச் சொல்லி ஒரு கடைக்கு ஏற்றப்பட்ட வாடகை 2,000 ரூபாய். ஆறு கடைக்கும் சேர்த்து மாதம் 12,000. மாநகராட்சிக்குப் போனது 1,500. அடுத்து 6 சதவீதம் வந்தபோது கடைக்கு மாதம் 30 ரூபாய்தான் கூடுதல். அதற்கு 500 ரூபாய் கேட்கப்பட்டது. அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள் வரி கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். அந்தச் சலுகையை எந்த உரிமையாளராவது வாடகையில் கழித்துக்கொடுத்ததாகப் பேரேட்டில் பதிவில்லை.

குடிநீர், பாதாளச் சாக்கடை, குப்பைக் கட்டணம், மராமத்து என்று உரிமையாளருக்கும் செலவு இருக்கிறது, மறுக்கவில்லை. வாடகையை ஏற்ற வேண்டுமானால் ஏற்றட்டும். வரியின் தலையில் பழியைப் போட்டுவிட்டு ஏற்ற வேண்டாம் என்பதுதான் என் வாதம். இந்தப் பேரேடு கட்டட உரிமையாளர்களுக்கு எதிரானது என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னார். அவருக்கு இதே வீதியில் மூன்று கடைகள் சொந்தம் என்பதை நான் இங்கே குறிப்பிட விரும்பவில்லை.

இதில் எனக்கு மனவருத்தம் உரிமையாளர்கள் மீது அதிகமில்லை, நம்மவர்கள் மீதுதான். முதல் மூன்று பத்திகள் நிறைந்துவிட்டன. நான்காவது பத்தியைத் திறந்து பாருங்கள். “பழைய வாடகைதான்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். “கேட்டுச் சொல்கிறேன்” என்று இன்னொருவர். தன் கடை வாடகையை யாரிடம் கேட்கப்போகிறார் என்று தெரியவில்லை. ஒருவர் பென்சிலால் எழுதிவிட்டு, நான் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரத்தில் அழித்துவிட்டார். தாளில் தடம் மட்டும் இருக்கிறது, அதைப் படிக்க நான் முயலவில்லை. பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரிந்தால் உரிமையாளர் காதுக்குப் போய்விடும், உரிமையாளருக்குத் தெரிந்தால் காலி செய்யச் சொல்லிவிடுவார் என்ற பயம். பயம் நியாயமானதுதான். ஆனால் எல்லோரும் தனித்தனியாகப் பயப்படுவதற்கு ஒரு சங்கமும், அதற்கு ஒரு வாடகை அறையும் எதற்கு?

நான் மேலே சொன்ன அந்தக் கட்டடத்தில் மட்டும் ஆறு பேரும் உண்மையான தொகையை எழுதினார்கள். வரி ரசீது நகலோடு ஆறு பேரும் சேர்ந்து உரிமையாளர் வீட்டுக்குப் போனார்கள். நானும் உடன் சென்றேன். அவர் முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் மகன் கணக்கை வாங்கிக் கைப்பேசியில் ஒருமுறை கூட்டிப் பார்த்தார். பிறகு காபி வந்தது. ஏற்றிய 2,000 ரூபாய் 1,200 ஆயிற்று. பின்னால் கேட்ட 500 ரூபாய்ப் பேச்சே எழவில்லை. ஒரு கட்டடம்தான். ஆனாலும் இந்த ஆண்டு சங்கத்தால் உறுப்பினர் கைக்குப் பணமாகத் திரும்பியது அது ஒன்றுதான். நீர்மோரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வாடகை ஒப்பந்தம் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதைப் பதிவு செய்ய வேண்டும். தாவா வந்தால் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிப்பார். நம் உறுப்பினர்களிடம் இருப்பதோ பதினோரு மாதத்துக்கு என்று முத்திரைத் தாளில் எழுதி, பதினோரு ஆண்டுகளாகப் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் காகிதம். சிலருக்கு அதுவுமில்லை; “அப்பா காலத்துப் பேச்சு” என்கிறார்கள். இதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கறிஞர் ஒருவரை அழைத்து விளக்கக் கூட்டம் வைத்தேன். கட்டணம் வாங்காமல் வந்தார். அவருக்கு முன்னால் காலி நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டு நான் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பற்றி மேலும் எழுதவில்லை. அன்று முகூர்த்த நாள் என்று பிறகு பலர் சொன்னார்கள். நாட்காட்டியைப் பார்த்தேன், இல்லை.

இதற்கிடையில், மதுரை மாநகராட்சியில் அதிகாரிகளின் கடவுச்சொல்லைக் கொண்டு சில வணிகக் கட்டடங்களின் வரி குறைக்கப்பட்ட விவகாரம் வெளியே வந்து, கைதுகள் நடந்து, ஜூலையில் மண்டலத் தலைவர்கள் ஐந்து பேரும் பதவி விலகியது அனைவரும் அறிந்ததே. வழக்கு நடப்பதால் அதைப் பற்றிச் சங்கம் கருத்துச் சொல்லாது. ஆனால் முழு வரியையும் வாடகை வழியாகக் கட்டிக்கொண்டிருந்த நம்மவர்கள் அந்தச் செய்தியை எந்த மனநிலையில் படித்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். இனிக் கட்டடங்களை மறு அளவீடு செய்ய வரக்கூடும். அப்போது “அளவெடுத்துவிட்டார்கள்” என்று மறுபடி வாடகை ஏறும். கையில் பழைய ரசீது இருப்பவர் பேசலாம், இல்லாதவர் கேட்டுக்கொள்ளலாம்.

தீபாவளிக்கு முன் நடைபாதைக் கடைகளை அகற்றக் கோரி மனு கொடுக்க வேண்டும் என்று சில உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்தார்கள். மனு கொடுக்கவில்லை. காரணம் சொல்கிறேன். 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவர்களுக்கும் உரிமை இருக்கிறது. இடம் ஒதுக்கும் விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதம் அவர்களே இருக்க வேண்டும். அவர்களும் நம்மைப்போல் முதல் போட்டு விற்பவர்கள்தான். தவிர, மனுவில் கையெழுத்திட்டவர்களில் இருவர் தம் கடை வாசலையே நாள் வாடகைக்கு விட்டிருந்தார்கள். அந்த வாடகையையும் பேரேட்டில் எழுதலாமா என்று கேட்டேன். மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

சந்தா பற்றி. மாதம் 50 ரூபாய். மாசி வீதியில் இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிடும் தொகை. பாதிப் பேருக்கு மேல் பாக்கி. சிலருடைய பாக்கி, ஸ்மார்ட் சிட்டி வேலைக்காக வீதிகளைத் தோண்டிப்போட்டிருந்த காலத்திலிருந்து வருகிறது. அப்போது வியாபாரம் இல்லை, கொரோனா வேறு, கேட்க மனம் வரவில்லை. சாலை போட்டாயிற்று, பெரியார் பேருந்து நிலையம் திறந்தும் 2025 டிசம்பரோடு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வசூலுக்குப் போகும் தம்பியிடம் “முதலாளி இல்லை” என்று முதலாளியே சொல்லும் வழக்கம் நிற்க வேண்டும். பெயர்ப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டத் தயாராக இருக்கிறது. தலைவர் அவர்கள் கேட்டுக்கொண்டதால் இன்று ஒட்டவில்லை.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை செய்யப்பட்டுவிட்டது. பொருளாளர் தனியே வாசிப்பார். பொதுவாகச் சொன்னால் வரவு சென்ற ஆண்டை ஒட்டியும், செலவு சற்றுக் கூடியும், இருப்பு அதற்கேற்பவும் இருக்கின்றன. நகல் எடுத்த செலவு அதிகம் என்று கேள்வி வரும் என்று தெரியும். அது பேரேட்டுக்கான வரி ரசீது நகல்கள், பில் இருக்கிறது.

இந்த ஆண்டு முழுவதும் ஆலோசனை வழங்கிய தலைவர் அவர்களுக்கும், துணைத் தலைவர்களுக்கும், பொருளாளருக்கும், பந்தலுக்கு இடம் கொடுத்த பாத்திரக்கடை உறுப்பினருக்கும், நாற்காலி கொடுத்தவருக்கும், அலுவலக உதவியாளருக்கும் நன்றி. அந்த ஆறு கடைக்காரர்களுக்கு இந்த நன்றியைத் தனியாகவே சொல்ல விரும்புகிறேன்.

அடுத்த ஆண்டு புதிய நிர்வாகிகள் தேர்வு. இந்தப் பொறுப்பில் தொடர்வதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன், வீட்டிலும் மகிழ்ச்சி. செயலாளர் பதவிக்கான வேட்புமனுப் படிவம் ஒரு மாதமாக அலுவலக மேசையில் இருக்கிறது. இதுவரை யாரும் வாங்கவில்லை. நானும் வாங்கவில்லை. யார் வந்தாலும் பேரேட்டை ஒப்படைக்கத் தயார். நான்காவது பத்தி நிறைந்த பேரேடாக இருந்தால் வருகிறவருக்கும் வேலை சுலபம், ஒருவேளை எனக்கும் மனம் மாறலாம். அலுவலகம் ஞாயிறு காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை திறந்திருக்கும். வாடகைத் தொகையைச் சொல்லத் தயங்குபவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லலாம். கதவு எண்ணுக்குப் பதிலாக வேறு அடையாளம் போட்டுக்கொள்ளவும் ஏற்பாடு செய்திருக்கிறேன். சந்தா பாக்கி உள்ளவர்களுக்கு வாக்குரிமை இல்லை என்பது துணை விதி. இரண்டு வேலையையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துக்கொள்ளலாம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்