உன் வீட்டுக்கு எத்தனை டன்?

அன்புள்ள மூர்த்தி,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த விஷயத்தை முதல் வரியில் எழுதாமல் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறாயே, நீ திருந்தவே மாட்டாய். என் வாழ்த்தைச் சொல். எனக்கு முழங்கால் தேவலை, மாடிப்படி மட்டும் இன்னும் மிரட்டுகிறது.

ஹீட் பம்ப் சங்கதிக்கு வருகிறேன், அதுதான் வெளிக்காற்றிலிருக்கும் சூட்டை இழுத்து வீட்டுக்குள் தள்ளுகிற மின் இயந்திரம். எரிபொருளில் வீட்டைச் சூடாக்கும் உன் பழைய ஃபர்னஸைப் பார்க்க வந்தவர் தரைப் பரப்பைக் கேட்டார், ஒரு எண்ணால் பெருக்கினார், 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஒரு டன் (இயந்திரத்தின் திறனை ஏசிக்குப் போல டன்னில்தான் சொல்வார்கள், ஒரு டன் சுமார் 3.5 கிலோவாட்) கூட்டிச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். இன்னும் கையெழுத்துப் போடாதே. ஒரே பரப்புள்ள இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு மற்றதைவிட இரண்டு மடங்கு சூடு தேவைப்படலாம். சுவருக்குள் என்ன இன்சுலேஷன், ஜன்னலுக்கு எத்தனை கண்ணாடி, காற்று எங்கே கசிகிறது என்று பார்க்காமல் சொல்கிற டன் கணக்கு வெறும் ஊகம்.

அவர் கேட்காத தகவல் உன் கடிதத்திலேயே இருக்கிறது. வெளியே மைனஸ் 19 டிகிரி, தூக்கம் வரவில்லை, ஃபர்னஸ் மணிக்கு 24 நிமிடம் ஓடியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று புலம்பியிருக்கிறாய். அந்தப் புலம்பல்தான் எனக்கு வேண்டியது. ஃபர்னஸின் பெயர்ப்பலகையில் 28 கிலோவாட் என்றாய். (அது வெளியே தரும் சூடா, உள்ளே போகும் எரிபொருளா என்று மறுபடி பார். இரண்டும் ஒன்றல்ல.) மணிக்கு 24 நிமிடம் என்றால் 40 சதவீதம், ஆக அன்றைக்கு வீடு இழந்தது 11.2 கிலோவாட். உள்ளே 21, வெளியே மைனஸ் 19, வித்தியாசம் 40 டிகிரி. டிகிரிக்கு 0.28 கிலோவாட். உன் வீட்டின் ஜாதகமே இந்த ஒரு எண்தான்.

கணக்கு போடப் பயன்படுத்தும் குளிர் உங்கள் பக்கம் மைனஸ் 29 என்றாய். ஆண்டில் 99 சதவீத நேரம் குளிர் அதற்குக் கீழே போகாது, மிச்சம் சுமார் 88 மணி நேரம்தான். 50 டிகிரி வித்தியாசத்துக்கு 14 கிலோவாட். உன் பழைய ஃபர்னஸில் சரிபாதி! ஆனால் வெயிலின் உதவி இல்லாத பின்னிரவு, தெர்மோஸ்டாட்டை யாரும் திருகாத இரவு என்றால்தான் இந்தக் கணக்கு செல்லும். பலத்த காற்றடிக்கும் ஒரு ராத்திரியிலும் பார்த்துவிடு.

14 கிலோவாட் என்பது கிட்டத்தட்ட 4 டன். அதற்காக 4 டன் என்று போட்டிருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதே. ஹீட் பம்பின் சூடாக்கும் திறனை வழக்கமாக வெளியே 8.3 டிகிரி இருக்கும்போது அளந்துதான் போடுகிறார்கள். குளிர் ஏற ஏற வீட்டின் தேவை கூடும், இயந்திரம் தருவது குறையும். மைனஸ் 15-இலும் மைனஸ் 25-இலும் எத்தனை கிலோவாட் தரும் என்ற அட்டவணையைக் கேட்டு வாங்கு. எந்தக் குளிரில் கம்ப்ரசர் அடியோடு நின்றுவிடும் என்பதையும் கேள்.

'அப்படியானால் இன்னும் பெரிசாகவே போட்டுவிடலாமே' என்பாய். உன் சுபாவம் தெரியாதா! வெளியே 10 டிகிரி இருக்கும் நாளில் உனக்குத் தேவை 3 கிலோவாட்தான், வெயில் இருந்தால் அதுவும் வேண்டாம். குறைந்தபட்சமே 5 கிலோவாட் தருகிற இயந்திரம் அன்று முழுக்க ஓடுவதும் நிற்பதுமாக இருக்கும். அதே இயந்திரம் ஏசியாக ஓடும் கோடையில் இன்னும் மோசம். காற்று சட்டென்று குளிர்ந்துவிடும், ஈரப்பதத்தை இழுப்பதற்குள் இயந்திரம் நின்றுவிடும், அறை சில்லென்று பிசுபிசுக்கும். அதனால் கடுங்குளிரில் கொஞ்சம் பற்றாமல் போகிற இயந்திரத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். மைனஸ் 29-இல் அது 10 தருகிறது என்று வை, மிச்சம் 4-க்கு டக்டில், அதாவது சூடான காற்று போகும் குழாயில், 5 கிலோவாட் மின்சார ஹீட்டர் போதும். அதன் மின்செலவு அதிகம்தான், ஆனால் வேலை சில இரவுகளுக்குத்தானே. கம்ப்ரசர் மைனஸ் 25-இலேயே நிற்கிற ரகமாக இருந்தால் கதை வேறு, அந்த 14-ஐயும் ஹீட்டரே சுமக்க வேண்டிவரும்.

இதற்கெல்லாம் முன்னால் பரண் கதவைக் கவனி. காற்றடிக்கும் நாளில் அதன் விளிம்பருகே ஒரு ஊதுபத்தியைக் காட்டு. புகை மேலே உறிஞ்சப்பட்டால் நீ காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று அந்த வழியாகத்தான் போகிறது. வாசலில் விசிறி பொருத்தி 50 பாஸ்கல் அழுத்தத்தில் கசிவை அளக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஒருமுறை கூப்பிடு. அடைத்த பிறகு இன்னொரு குளிர் இரவில் நிமிடக் கணக்கு எடுத்தால் அந்த 0.28 இறங்கியிருக்கும், இயந்திரமும் ஒரு அளவு சின்னதாகலாம்.

வெளியே வைக்கும் பெட்டியைத் தரையில் உட்கார வைக்க விடாதே. பனி குவியும் உயரத்துக்கு மேலே ஸ்டாண்ட் போடச் சொல். அது தன்மேல் படியும் உறைபனியை உருக்கும்போது தண்ணீர் வடியும், அதுவும் கீழே கட்டியாகிவிடும், எனவே நடைபாதைப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

அட்டவணை கைக்கு வந்ததும் படம் எடுத்து அனுப்பு, சேர்ந்து பார்ப்போம். மகள் எந்த ஊரில் சேரப் போகிறாள் என்றும் எழுது, அதை விட்டுவிட்டாய்.

அன்புடன்,
ரகு